சித்ரா பௌர்ணமி விரதத்தில் பாலையும் நெய்யையும் விட்டால் என்ன?

வெருலம் வீட்டுச்சமையல்:

சித்ரா பௌர்ணமிக் காவடிக்கு விரதம் தொடங்க அதிக நாள் இல்லை. கறி, மீன், முட்டையை நிறுத்துவது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். இந்த முறை பால், தயிர், நெய்யையும் சேர்த்து நிறுத்துவோம் என்று நான் சொன்னேன். வீட்டில் சிலர் சரி என்றார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கடையில் விற்கும், பாலும் கறியும் சேராத வீகன் பொட்டலங்களைப் பார்த்து எனக்கு இந்த ஆசை வரவில்லை. நம் இலையுதிர்காலம்தான் காரணம். மார்ச் பிறந்ததிலிருந்து மே முடியும்வரை தென்னாப்பிரிக்காவின் இந்த நேட்டால் மண் என்னவெல்லாம் கொடுக்கிறது! பட்டர்நட் பூசணி, பரங்கி, சர்க்கரைவள்ளி, இங்கே எல்லோரும் ஆமடும்பே என்று சொல்லும் சேப்பங்கிழங்கு, அப்போதே உரித்த பச்சை பீன்ஸ், மழை ஓய்ந்த பிறகும் வேலியோரத்தில் விடாமல் முளைக்கும் தண்டுக்கீரை. இவற்றில் எதற்குப் பால் வேண்டும்?

ஆமடும்பேயை நான் செய்வது இப்படி. தோலோடு வேகவைக்க வேண்டும். பச்சையாகச் சீவினால் கை அரிக்கும். கத்தி நுழைந்ததும் இறக்கி, ஆறும் முன்பே உரித்து, தடிமனாக நறுக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டு இரும்புச் சட்டியில் ஓரம் சிவக்கும்வரை வறுத்துவிடுவேன். வறுக்காமல் போட்டால் குழம்பு முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிடும். வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, தக்காளியை வதக்கி, புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட வேண்டும். இறக்குவதற்குச் சற்று முன்புதான் கிழங்கு உள்ளே போகும். புளி சேர்ந்தால் தொண்டை அரிப்பும் இருக்காது.

இந்தக் குழம்போடு சோறு சாப்பிடுகிறவருக்கு நெய் இல்லையே என்ற நினைப்பு வருமா?

மேரிட்ஸ்பர்க் மாமா:

மகளே, அந்தக் குழம்பில் எங்கள் ஆயாவும் நெய் விட்டதில்லை. அதில் நமக்குள் சண்டையே கிடையாது. ஆனால் நீ விரதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுக் குழம்பைப் பற்றிப் பேசுகிறாய். காவடியின் இரண்டு பக்கமும் நாம் கட்டுவது பால் செம்பு. வெயிலில் ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை நடந்து அந்தப் பாலை முருகனுக்கு அபிஷேகம் செய்கிறோம். சாமிக்கு உகந்தது என்று தோளில் சுமந்த பாலை வீட்டுக்கு வந்து ஆகாது என்று ஒதுக்கலாமா?

இன்னொன்றையும் நினைத்துப் பார். 1860ல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களுக்குக் கரும்புத் தோட்டத்தில் கிடைத்த உணவுப்படி அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு. பல இடங்களில் அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவை அளந்து கொடுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்தவர்கள் காய்கறி போட்டார்கள், கையில் காசு சேர்ந்ததும் ஒரு மாடு வாங்கினார்கள். அந்த மாட்டுப் பாலில்தான் பிள்ளைகள் தேறினார்கள். அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் பாலுக்குப் பதில் வைப்பது என்ன? தாய்லாந்திலிருந்து டின்னில் வரும் தேங்காய்ப்பால். எனக்குப் பால் நம் நேட்டாலிலேயே ஹோவிக், மூய் ரிவர் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறது. மண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

லெனேசியா மாணவன்:

மாமா, உங்கள் தாத்தா வீட்டு மாட்டுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், கன்று பக்கத்திலேயே கட்டிக் கிடந்திருக்கும். இன்றைய பண்ணையில் கன்றைப் பிறந்த சில மணி நேரத்திலேயே அல்லது ஓரிரு நாளில் தாயிடமிருந்து பிரித்துவிடுவதுதான் பொதுவான நடைமுறை. காளைக்கன்று என்றால் அது பண்ணைக்குச் சுமை. அந்தப் பாலையும் உங்கள் தாத்தா கறந்த பாலையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை. உயிருக்குத் தீங்கு வேண்டாம் என்றுதானே விரத நாளில் கறியை விடுகிறோம்? பாலில் தீங்கு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே, எங்கள் லெனேசியாவுக்குப் பக்கத்தில் லாலி என்ற ஊர் இருக்கிறது. காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணை அங்கேதான் இருந்தது. காந்தியும் அவருடைய நண்பர் கல்லன்பாக்கும் பாலைக் கைவிடுவதாகச் சபதம் எடுத்தது 1912ல், அந்தப் பண்ணையில். கல்கத்தாவில் மாடுகளைக் கறக்கிறவர்கள் செய்யும் கொடுமைகளைப் படித்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பண்ணையில் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆகவே பால் வேண்டாம் என்ற பேச்சு நேற்று வெளிநாட்டிலிருந்து இறங்கியது என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த நாட்டு மண்ணில், நம் ஆட்களின் கண்ணெதிரே நடந்தது அது.

மேரிட்ஸ்பர்க் மாமா:

தம்பி, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாய். இந்தியா திரும்பிய பிறகு, 1918ல் காந்தி படுத்த படுக்கையாகிவிட்டார். பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்று மருத்துவர் சொல்ல, மாட்டுப்பால்தானே வேண்டாம், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று அவர் மனைவி கஸ்தூர்பா கேட்டார். அவரும் குடித்தார். அவ்வளவு மன உறுதி உள்ளவரையே உடம்பு பால் பக்கம் திருப்பிவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்.

லெனேசியா மாணவன்:

குடித்தார், ஆனால் அது தன் சபதத்தின் உயிரை வதைத்துவிட்டது என்று ஆண்டுகள் கழிந்தும் வருந்தினார். நோயில் விழுந்த ஒருவர் உயிர் பிழைக்கக் குடித்ததை, நலமாக இருக்கும் நாம் தினமும் காலையில் தேநீரில் ஊற்றுவதற்குச் சாட்சியாக வைக்கக் கூடாது மாமா.

சாட்ஸ்வொர்த் செவிலி:

உடம்பைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். விரத நாள்களுக்கு மட்டும் பாலை விடுகிற பெரியவர்களுக்கு ஒரு குறையும் வராது. பி12 வைட்டமின் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பாக இருக்கும். என் கவலை, விரதம் முடிந்தும் அப்படியே தொடர்கிறவர்களைப் பற்றியது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 2.4 மைக்ரோகிராம். கீரையிலும் கிழங்கிலும் பீன்ஸிலும் அது கிடையாது. மக்காச்சோள மாவில் அரசாங்கமே சத்து சேர்க்கிறதே என்று என்னிடம் கேட்கிறார்கள். 2003 முதல் சட்டப்படி சேர்ப்பது உண்மைதான். இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ, பி வகையில் சில. அந்தப் பட்டியலில் பி12 இல்லை. மாத்திரை வேண்டும், அல்லது பி12 சேர்த்த சோயாப்பால் வேண்டும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இதில் விளையாடவே கூடாது. கை கால் மரத்துப்போன பிறகு கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பார்க்கிறவள் நான்.

இன்னொன்று, இதுதான் எனக்கு இன்னும் பெரியது. அக்கா சொன்ன காய்களை மறுபடி பாருங்கள். சோறு, அதன்மேல் ஆமடும்பே, பக்கத்தில் சர்க்கரைவள்ளி. எல்லாம் மாவுச்சத்து. நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத வீடு எது? பாலை விட்டவர்கள் அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோற்றைப் போடுகிறார்கள். அங்கே பீன்ஸ் வர வேண்டும். சுகர் பீன்ஸ் என்று இங்கே சொல்லும் புள்ளி பீன்ஸ், உலர்ந்தது நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம். கிழங்கு இருக்கிற நாளில் சோற்றைக் குறையுங்கள், பீன்ஸைக் கூட்டுங்கள், கீரையை மறக்காதீர்கள்.

டோங்காட் தோட்டக்காரன்:

விளைவிக்கிறவன் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. பட்டர்நட்டை நல்லதாகப் பார்த்து வாங்கத் தெரிந்தால் பாதிச் சமையல் முடிந்தது. காம்பு காய்ந்து தக்கைபோல் இருக்க வேண்டும். தோலில் பச்சைக் கோடு மறைந்திருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் நகம் இறங்கக் கூடாது. நகம் இறங்குகிற காய் முற்றாத காய். அதை எப்படிச் சமைத்தாலும் தண்ணீர்ச் சுவைதான். முற்றிய காயைச் சில நாள் வெயிலில் போட்டு எடுத்து, காற்றோட்டமான இடத்தில் ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். அதை விட்டுவிட்டுப் பருவம் இல்லாத டிசம்பரில் ஆமடும்பே தேடி அலைகிறார்கள், கடையில் கேட்கிற விலையைக் கொடுக்கிறார்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை எல்லாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இலையுதிர்கால அறுவடை நேரம் அது. ஆற்றோர நிலத்தில் கிழங்கெல்லாம் சேற்றுக்குள் அழுகிப்போனது. மாமாவுடைய மூய் ரிவர் பால் வருகிறதோ இல்லையோ, பக்கத்து நிலத்துக் காயை அந்தந்தப் பருவத்தில் வாங்குகிறவர்கள் இருந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் மறுபடி விதைக்க முடியும்.

ஆனால் செலவு விஷயத்தில் மாமா பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பச்சைக் காய்கறிக்கும் உலர்ந்த பீன்ஸுக்கும் வாட் வரி இல்லை, மாட்டுப் பாலுக்கும் இல்லை. சோயாப்பால், பாதாம்பால் டப்பாவுக்கு 15 விழுக்காடு உண்டு. கூலி வேலை செய்கிறவரிடம் போய் அந்த டப்பாவை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

லெனேசியா மாணவன்:

அந்த வரி தவறான வரி, அதை மாற்றச் சொல்லிக் கேட்போம். அதுவரை மக்களுக்குப் பழகிய சுவையில் ஏதாவது கொடுக்க வேண்டும். சோயாக் கொத்துக்கறி, வீகன் சீஸ் இவையெல்லாம் இருந்தால்தான் இளையவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். வெறும் பரங்கிக்காயைக் காட்டி யாரையும் மாற்ற முடியாது.

வெருலம் வீட்டுச்சமையல்:

தம்பி, இதில் உன்னோடு நான் இல்லை. கறியைப் போலவே ஒன்றைச் செய்து வைத்தால் சாப்பிடுகிறவர் அதைக் கறியோடுதான் ஒப்பிடுவார், அது தோற்றுப்போகும். பரங்கிக்காயைக் காட்டி மாற்ற முடியாது என்கிறாய். சரியாகச் செய்தவர்கள் வீட்டில் நீ சாப்பிட்டதில்லை. கடுகு, காய்ந்த மிளகாய், நீளவாக்கில் அரிந்த வெங்காயம் தாளித்து, துண்டுகளைப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மூடி, சிறு தீயில் அதன் நீரிலேயே குழைய விட வேண்டும். கடைசியில் மூடியைத் திறந்துவைத்து நீர் வற்றி அடிப்பிடிக்கத் தொடங்கும்வரை கிளறினால் ஓரங்களில் பாகுபோல ஒட்டும். இனிப்பும் காரமும் ஒன்றாக ஏறும். ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் எந்த இளையவரும் சீஸ் கேட்க மாட்டார்.

மாமா, தாய்லாந்து டின் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நான் தயிருக்கு நிலக்கடலையை எடுக்கிறேன். அது இந்த நாட்டிலேயே, வடமேற்கு மாகாணத்திலும் ஃப்ரீ ஸ்டேட்டிலும் விளைகிறது. பச்சைக் கடலையை இரவே ஊறப்போட்டு, தோல் நீக்கி, நைசாக அரைத்து, கப்புக்கு இரண்டரை கப் தண்ணீர் சேர்த்து வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் உறையும். முதல் தயிரைச் சாப்பிட வேண்டாம், அதை உறைக்கு வைத்துக்கொண்டு இரண்டாம் முறை உறைய வையுங்கள். அதுதான் புளிப்பு நிதானமாக இருக்கும். ஏப்ரல் இரவுகளில் குளிர் ஏறிவிடுவதால் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வைப்பேன்.

பால் செம்பைப் பற்றி: அபிஷேகத்துக்கு இளநீரும் பன்னீரும் சந்தனமும் விபூதியும் உண்டு. பூக்காவடியும் உண்டு. நான் பூக்காவடி எடுக்கப்போகிறேன். பால் செம்பு எடுக்கிறவரை நான் தடுக்கவில்லை.

மேரிட்ஸ்பர்க் மாமா:

பூக்காவடி நம் முறையில் உள்ளதுதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிலக்கடலைத் தயிரில் குறை உண்டு. என் மருமகள் செய்து கொடுத்தாள், ஊறுகாயோடு சாப்பிட்டேன், கடலை வாடை போகவில்லை. பெருங்காயம் போட்டு மோர்க்குழம்பாக்கினால் தெரியாமல் இருக்கலாம். தயிர்ச்சோற்றுக்கு ஆகாது. பாலை விடுவது ஒருவருடைய விரதத்தைக் கூட்டும் என்றால் அவர் விடட்டும். எல்லார் விரதமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கோயில் சமையல் வரைக்கும் கொண்டுபோனால் நான் எதிர்த்து நிற்பேன்.

சாட்ஸ்வொர்த் செவிலி:

கோயில் அன்னதானத்தில் ஏற்கெனவே பாயசத்தைத் தவிர எதில் பால் இருக்கிறது மாமா? சாம்பார், பீன்ஸ் கறி, பரங்கி, ஊறுகாய். எங்கள் கோயிலில் அப்படித்தான்.

மேரிட்ஸ்பர்க் மாமா:

பாயசம் போதும் சண்டை போடுவதற்கு. அதை மாற்ற விட மாட்டேன்.

வெருலம் வீட்டுச்சமையல்:

பாயசம் உங்களுடையதாகவே இருக்கட்டும் மாமா. நான் பட்டர்நட்டைச் சுட்டு மசித்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு இன்னொரு பாத்திரத்தில் கொண்டுவருகிறேன். தேங்காயை நானே வாங்கித் துருவிப் பால் பிழிவேன், டின் இல்லை. இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றினால் திரியாது. வேண்டியவர்கள் வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும்.

டோங்காட் தோட்டக்காரரே, முற்றின பட்டர்நட்டும் ஆமடும்பேயும் ஒரு மூட்டையாக எடுத்துவைப்பீர்களா? சனிக்கிழமை காலையில் வண்டி அனுப்புகிறேன்.

டோங்காட் தோட்டக்காரன்:

பட்டர்நட் இருக்கிறது. ஆமடும்பே இந்த வாரம் ஈர மண்ணில் கிடக்கிறது, இப்போது தோண்டினால் சீக்கிரம் அழுகும். இரண்டு நாள் வெயில் அடித்தால் எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை சொல்கிறேன் அக்கா.