உலர்ந்த லாவெண்டர் பூக்கள்: தேநீரிலும் துணிப்பையிலும் கண்ட அனுபவங்கள்

லாவெண்டர் தேநீர் சோப்பைக் கரைத்துக் குடித்ததுபோல் இருந்தது என்று சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். எவ்வளவு பூ போட்டீர்கள், எவ்வளவு நேரம் ஊறவிட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். கைநிறைய அள்ளிப்போட்டுக் கொதிக்கவைக்கும் பூ அன்று இது. 150 மில்லி நீருக்கு ஒரு கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, எனக்குப் போதுமானதாக இருக்கிறது; ஐரோப்பிய மருந்துகள் முகமையும் அதே அளவு கொதிநீருக்கு 1 முதல் 2 கிராம் வரை என்றே குறிப்பிடுகிறது. நீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பூவின்மேல் ஊற்றிக் கோப்பையை மூடிவைக்க வேண்டும். திறந்து வைத்தால் நாம் தேடும் மணம் ஆவியோடு போய்விடுகிறது. ஐந்து நிமிடத்தில் வடிகட்டிவிடுகிறேன். அதற்குமேல் ஊறினால் மணம் கூடுவதில்லை, கசப்புதான் கூடுகிறது.

இதைவிட முக்கியமானது எந்த லாவெண்டர் என்பது. உண்மை லாவெண்டர் எனப்படும் லாவண்டுலா அங்குஸ்டிபோலியாவில் லினலூல், லினலைல் அசிடேட் ஆகிய இரண்டு மணப்பொருள்களும் மேலோங்கி இருப்பதால் அதன் மணம் மென்மையாகவும் சற்று இனிப்பாகவும் இருக்கும். லாவண்டின் என்ற கலப்பினத்தில் கற்பூரத்தின் பங்கு கூடுதல். எண்ணெய் விளைச்சலும் அதிகம் என்பதால் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் தாழ்வான நிலங்களில் அதையே பரவலாகப் பயிரிடுகிறார்கள், உண்மை லாவெண்டரோ அங்கே மலைச்சரிவுகளில் நன்றாக வளர்கிறது. லாவண்டின் பூவில் தேநீர் போட்டால் அந்தக் கற்பூர நெடி தொண்டையில் நிற்கும். ஆகவே பொட்டலத்தில் தாவரப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா, உண்ணத்தக்கது என்று எழுதியிருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. அலங்காரத்துக்காக விற்கப்படும் பூக்களில் சாயமோ செயற்கை வாசனையோ ஏற்றியிருக்கலாம். அவை கோப்பைக்குள் போகவே கூடாது.

வடித்த நீர் ஊதாவாக இல்லையே என்று வருந்த வேண்டாம். வெளிர்ந்த நிறமே அதற்கு இயல்பு. சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் அது மெல்ல இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்க்கலாம்.

* * *

மேலே தேநீரைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதிய அன்பருக்கு நன்றி. நான் இந்தப் பூவைக் குடிப்பதில்லை. துணி அலமாரியிலும் தலையணை உறைக்குள்ளும் வைக்கிறேன். அதற்கு லாவண்டினே எனக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது, ஏனெனில் தேநீரில் உறுத்தும் அதே கார மணம் துணிகளுக்கிடையே நெடுநாள் தங்குகிறது.

பழைய பைகளில் வாசனை போய்விட்டது என்று பலர் தூக்கி எறிவதைக் காண்கையில் மனம் பொறுக்கவில்லை. இந்தப் பூவின் எண்ணெய் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் பெரும்பாலும் இதழில் இல்லை, இதழைத் தாங்கும் புல்லிவட்டத்தில்தான் இருக்கின்றன. இதழ்கள் உதிர்ந்து நிறம் மங்கிய பிறகும் அந்தச் சிறு கூடுகளில் எண்ணெய் மிஞ்சியிருக்கும். பையை உள்ளங்கையில் வைத்து இலேசாகக் கசக்கினால் மணம் மீண்டும் எழும். பை பருத்தித் துணியில் இருப்பதும், வெயில் படாத இடத்தில் இருப்பதும் நல்லது. அந்துப்பூச்சிகளை இது விலக்கி வைக்க உதவலாமே தவிர, துணியில் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுக்களை அழிக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

* * *

உறக்கத்தைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். என் தாயார் உறக்கத்துக்காக மாத்திரை எடுத்துக்கொள்பவர். படுக்குமுன் இந்தத் தேநீரும் குடிக்கலாமா என்று அவர் கேட்டபோது, மருத்துவரிடம் சொல்லிவிட்டே முடிவெடுத்தோம். இரண்டும் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடக்கூடும் என்று மருத்துவர் தடுத்தார். இப்போது தலையணை அருகே ஒரு சிறு பை மட்டும் இருக்கிறது, அதில் அம்மாவுக்கு நிறைவே. கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இதேபோல் கேட்டுக்கொண்டு குடிப்பதுதான் சரி. ஐரோப்பிய முகமை இதை லேசான மன இறுக்கத்துக்கும் உறக்கத்துக்கும் துணையாக ஏற்றிருப்பது நெடுங்காலப் பயன்பாட்டின் அடிப்படையில்தான் என்பதையும், தீராத தூக்கமின்மைக்கு இது சிகிச்சை ஆகாது என்பதையும் நாம் ஒருவருக்கொருவர் நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பூவும் எண்ணெயும் ஒன்றே என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டெஃபோசே 1910-இல் ஆய்வகத்தில் பட்ட தீக்காயத்துக்கு லாவெண்டரைப் பயன்படுத்தியதை எடுத்துக்காட்டி, எண்ணெயைத் தேநீரில் சொட்டலாமே என்று என்னிடம் ஒருவர் கேட்டார். கட்டெஃபோசே பயன்படுத்தியது காய்ச்சி வடித்த எண்ணெய், அதையும் அவர் தோலின்மேல்தான் இட்டார். அந்த எண்ணெய் நீரில் கரையாது, மிகவும் செறிவானது. காற்றுப்பட்டு நாளானால் அதிலுள்ள லினலூல் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாக மாறுகிறது. கோப்பைக்குப் பூவே போதும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் எண்ணெயை அது இருக்கும் அறையில் ஆவியாக்க வேண்டாம். பூப்பையையும் அது கடித்துத் தின்ன முடியாத உயரத்தில் வையுங்கள்.