போனும் மெயிலும் நிரம்பி வழிகின்றன, புத்தகம் பத்துப் பக்கம் தாண்டவில்லை: எதிலிருந்து தொடங்குவது?

உறையூர் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சிக்கல். ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே கேட்கிறேன்.

முதலாவது போன். ஆண்ட்ராய்டு, 128 ஜிபி. இடம் இல்லை என்று தினமும் அறிவிப்பு வருகிறது. ஜிமெயிலும் நிரம்பிவிட்டது. ஆடிட்டர் அனுப்பிய மெயில் எனக்கு வந்து சேராமல் அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நேரம் என்பதால் இது அவசரம். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு, தெருக் குழு, பையனின் பள்ளிக் குழு, அலுவலகக் குழு என்று எதற்கும் பஞ்சமில்லை. கேலரியில் பாதி காலை வணக்கப் படங்கள். மொத்தமாக அழித்துவிடலாம் என்றால் கை வரமாட்டேன் என்கிறது. அப்பா தவறிவிட்டார். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அதே வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. "மாத்திரை வாங்கிட்டேம்மா, நீ அலையாத" என்பது போன்ற சின்னச் சின்னப் பேச்சுகள். அவை போனால் திரும்ப வராது.

இரண்டாவது வாசிப்பு. கல்லூரி நாட்களில் தடித்த நாவல்களை ஒரே மூச்சில் படித்தவள் நான். இப்போது டெலிகிராமில் புத்தகக் குழுக்களில் சேர்ந்து பிடிஎஃப்களாக இறக்கி வைத்திருக்கிறேன். ஒன்றைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் ஏதோ ஓர் அறிவிப்பு வரும், அதைத் தொட்டால் ரீல்ஸில் முக்கால் மணி நேரம் போய்விடும். அச்சுப் புத்தகம் என்றாலும் கொஞ்ச நேரத்தில் தலை கனத்து, மூடி வைத்துவிடுகிறேன்.

எதை முதலில் செய்வது? கிண்டில் (மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி) வாங்கினால் பிரச்சினை தீருமா?

திண்டுக்கல் செல் சர்வீஸ்:

அக்கா, அப்பாவின் குரலை முதலில் பத்திரப்படுத்துங்கள். அதுவரை எதையும் அழிக்க வேண்டாம். கடைக்கு அழுதுகொண்டு வருபவர்களில் பலர் அவசரத்தில் "கிளியர் சாட்" அழுத்தியவர்கள்தான்.

அப்பாவின் சாட்டைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியில் "மோர்", அதில் "எக்ஸ்போர்ட் சாட்". மீடியாவோடு சேர்த்து வேண்டுமா என்று கேட்கும், ஆம் என்று கொடுங்கள். ஏற்கனவே போனிலிருந்து அழிந்துபோன ஃபைல் இதில் வராது. மீதி எழுத்தும் குரலுமாக வரும், ஆனால் மிக நீண்ட சாட் என்றால் பழையவை விடுபடலாம். உங்கள் மெயிலும் டிரைவும் நிரம்பியிருப்பதால் அங்கே அனுப்பாதீர்கள், பாதியில் நின்றுவிடும். கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றி, ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். குரல் ஃபைல்கள் ஓபஸ் என்ற வகையில் இருக்கும், விஎல்சி பிளேயரில் ஓடும். நாலைந்தைக் கணினியில் போட்டுக் காதால் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

இப்போது மெயில். கூகுள் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் அல்ல. டிரைவ், கூகுள் போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2021 மே வரை போட்டோஸில் ஏற்றிய ஹை குவாலிட்டி (அளவு சுருக்கிய) படங்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. அதற்குப் பிறகு ஏற்றிய எல்லாம் கணக்கில் ஏறுகின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-லிருந்து இதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. உங்கள் மெயில் திரும்பிப் போனதற்குப் பெரும்பாலும் அந்தப் பேக்கப்தான் காரணமாக இருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்கப் போய், வீடியோவைச் சேர்க்கும் பொத்தானை அணைத்துவிட்டு ஒருமுறை பேக்கப் எடுங்கள். பல பேருக்கு அதிலேயே கணிசமாக இடம் விடுபடும்.

பிறகு ஜிமெயிலைக் கணினியில் திறங்கள். போனில் செய்தால் விரல் தேய்ந்துவிடும். தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் வடிகட்டும் குறி இருக்கிறது. அதில் 10 எம்பிக்கு மேல் என்று அளவைக் கொடுத்தால் பெரிய மெயில்கள் மட்டும் வரும். வரி, பிஎஃப், இன்சூரன்ஸ், பத்திரம் சம்பந்தப்பட்டவற்றை இறக்கிவைத்துவிட்டு மற்றதை அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் விடுபடும். இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. கூகுள் போட்டோஸ் ஆப்பில் பேக்கப் ஆன படத்தை அழித்தால், அது போனிலும் போகும், கூகுளின் இணையச் சேமிப்பிலும் போகும். "போனில்தானே அழிக்கிறோம், நெட்டில் இருக்கும்" என்று நினைத்துக் கல்யாணப் படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கு "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்று தனிப் பொத்தான் இருக்கிறது, அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

வாட்ஸ்அப் குப்பைக்கு செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா", அதில் "மேனேஜ் ஸ்டோரேஜ்". பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று அதுவே பிரித்துக் காட்டும். ஃபார்வர்டு பட்டியலை யோசிக்காமல் அழிக்கலாம், அப்பாவின் குரல் அதில் இருக்காது. கடைசியாக ஆட்டோ டவுன்லோடை மூன்று இடத்திலும் அணையுங்கள்: மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங். வைஃபையை விட்டுவிட்டால் அடுத்த மாதம் பழைய நிலைதான்.

இரவுப் பணி:

அக்கா, மேல சொன்னது எல்லாம் சரி. மெயிலையும் அப்பா குரலையும் முதல்ல முடிங்க. ஆனா "எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டு அப்புறம் படிக்கலாம்"னு மட்டும் இருக்காதீங்க. சுத்தம் பண்றதும் போன்லதான நடக்குது! பழைய போட்டோவை அழிக்க உக்காந்தா ஒவ்வொண்ணையும் பாத்துட்டே இருப்போம், நடுவுல ஒரு மெசேஜ் வரும், அப்படியே ராத்திரி போயிடும். அழிக்கறதுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. மத்த நாள் தொடாதீங்க.

இன்னொண்ணு. நான் நர்ஸ், அதனால இதைக் கேக்காம இருக்க முடியல. அச்சுப் புத்தகம் படிச்சா தலை கனக்குதுன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு நாப்பது தாண்டியாச்சா? கண் எப்போ செக் பண்ணீங்க? நாப்பதுக்கு மேல கிட்டப் பார்வை குறையறது எல்லாருக்கும் வரும், வெள்ளெழுத்துன்னு சொல்லுவாங்க. போன்ல எழுத்தைப் பெருசாக்கிக்கறோம், அதனால தெரியறதே இல்ல. புத்தகத்தைப் பிரிச்சா எழுத்து சின்னது, கண்ணு சிரமப்படுது, நெத்தி வலிக்குது. நாம "கவனம் போச்சு"ன்னு நினைச்சுக்கறோம். எல்லாருக்கும் இதுதான் காரணம்னு சொல்லல. ஆனா கிண்டிலுக்குக் காசு போடறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க.

உறையூர் வாசகி:

வயது நாற்பத்து மூன்று. கண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை. புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் படிக்கிறேன் என்பது நீங்கள் கேட்ட பிறகே உறைக்கிறது. இந்த வாரமே போய்ப் பார்க்கிறேன்.

டெலிகிராம் பிடிஎஃப்களை என்ன செய்வது? அழிக்க மனம் வரவில்லை. அச்சில் கிடைக்காத பழைய நூல்களும் அதில் இருக்கின்றன.

திண்டுக்கல் செல் சர்வீஸ்:

டெலிகிராமில் "டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்", அதில் "ஸ்டோரேஜ் யூசேஜ்" போய் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) காலி செய்யுங்கள் அக்கா. போனில் உள்ள பிரதி மட்டும் போகும். ஃபைல் அந்தக் குழுவிலேயே இருக்கும், வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம். டவுன்லோட்ஸ் கோப்புறையில் தனியாகச் சேமித்திருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பல பேருக்கு ஒரே புத்தகம் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஓய்வுபெற்ற நூலகர்:

அம்மா, அந்தப் பிடிஎஃப்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். உரிமை காலாவதியான பழைய நூல்களும், அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களும் ஒரு பக்கம். இவற்றைச் சேர்த்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. மதுரைத் திட்டம் 1998-லிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாக இருக்கின்றன. என்றைக்குத் தேவையோ அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம், இன்று உயிரோடு இருந்து எழுதுகிறவர்களின் புதிய நூல்கள், அனுமதியில்லாமல் படமெடுத்துச் சுற்றுக்கு விடப்பட்டவை. தமிழில் ஒரு பதிப்பு சில நூறு பிரதிகள் விற்பதே பெரும்பாடு. அவற்றை அழித்துவிடுங்கள். பிடித்த எழுத்தாளரின் ஒரு நூலைக் காசு கொடுத்து வாங்குங்கள், அல்லது நூலகத்தில் கேளுங்கள்.

வாசிப்பு திரும்ப வருவதற்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். கட்டணம் மிகக் குறைவு. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள். ஆக அது உங்கள் பணத்தில் நடக்கும் இடம். பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துப் போங்கள்.

ஏன் நூலகம் என்கிறேன் என்றால், எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு தேதி உண்டு. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் முத்திரை குத்தித் தருவோம். வரிசையாகப் பழைய தேதிகள் இருக்கும், சில மங்கிப்போய், சில சாய்ந்து விழுந்து, கடைசியில் உங்களுடையது. பிடிஎஃப்புக்கு அந்தத் தேதி கிடையாது, அதனால் அது என்றைக்கும் நாளைக்குப் படிக்க வேண்டியதாகவே இருக்கிறது. ஒரே ஒரு புத்தகம் எடுங்கள். தடித்த நாவல் வேண்டாம், சிறுகதைத் தொகுப்பு எடுங்கள். ஒரு கதை முடிந்தால் ஒன்று முடிந்தது என்ற நிறைவு அன்றைக்கே கிடைக்கும். பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பிக் கொடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

பேருந்து வாசகன்:

ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால் கிண்டிலை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். தினமும் பேருந்தில் அலுவலகம் போய் வருகிறேன், அதில்தான் படிக்கிறேன். அறிவிப்பு வராது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், 2016 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகங்களும் அதிகாரபூர்வமாகக் கிடைக்கின்றன. வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் தோழி, உங்களிடம் இருப்பவை வருடிய பிடிஎஃப்கள். அவற்றை ஆறு அங்குலத் திரையில் போட்டால் ஒரு பக்கம் முழுவதும் சுருங்கி எறும்பு ஊர்வதுபோல் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். நான்கு பக்கத்தில் வெறுத்துப்போகும். கிண்டில் கடையில் வாங்கிய நூல்களும், "சென்ட் டு கிண்டில்" வழியாக அனுப்பிய இபப் (எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானே மாறி அமையும் மின்னூல் வடிவம்) போன்றவையும்தான் அதில் ஒழுங்காகப் படிக்க வரும். ஆகவே பிடிஎஃப்புக்காக மட்டும் கிண்டில் என்றால் வாங்காதீர்கள்.

தாளா, திரையா என்ற கேள்விக்கு ஒரு தகவல். 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018-ல் வெளியானது. தகவல் சார்ந்த எழுத்தைத் தாளில் படித்தவர்களுக்கே கூடுதலாகப் புரிந்திருந்தது, அதுவும் நேரக் கெடு வைத்துப் படித்தபோது வித்தியாசம் அதிகம். கதைகளில் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் நாவல் வாசகி என்பதால் திரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. போனில் மட்டும் வேண்டாம். அங்கே புத்தகத்துக்கு அடுத்த கதவிலேயே ரீல்ஸ் இருக்கிறது.

ஓய்வுபெற்ற நூலகர்:

தம்பி சொல்வதை ஏற்கிறேன், பார்வை குறைந்த வாசகர்களுக்கு அது வரம்தான். ஆனாலும் வாசிப்பை விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறவர் இன்னொரு கருவி வாங்குவதில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆறு மாதம் நூலகப் புத்தகம் படித்துவிட்டு, பிறகும் வேண்டுமென்று தோன்றினால் வாங்கட்டும்.

உறையூர் வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதே சிக்கலோடு வருபவர்களுக்கு உதவும்.

அப்பாவின் குரல் கணினியிலும் பென்டிரைவிலும் வந்துவிட்டது. தங்கைக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவை எடுத்ததுமே மெயில் வரத் தொடங்கிவிட்டது, ஆடிட்டர் மறுபடி அனுப்பியது கிடைத்தது.

கண் மருத்துவர் +1.25 கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தபோது எழுத்து அவ்வளவு கறுப்பாக இருந்தது! இரவுப் பணித் தங்கைக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. தலைக்கனம் பெருமளவு போய்விட்டது. ஆனால் கை போனைத் தேடுவது போகவில்லை, அது கண்ணாடியால் தீராத வேறு வியாதி என்று புரிகிறது. நூலகத்தில் சேர்ந்து ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுத்திருக்கிறேன். இரண்டாவது கதையில் இருக்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். படிக்கும் நேரத்தில் போனை முழுவதும் அணைக்க முடியாது. பையன் டியூஷனிலிருந்து கூப்பிடுவான், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. என்ன செய்யலாம்?

இரவுப் பணி:

ரொம்ப சந்தோஷம் அக்கா! போனை வேற ரூம்ல சத்தமா ரிங் ஆகற மாதிரி வைங்க. கூப்பிட்டா கேக்கும், சும்மா எடுத்துப் பாக்கணும்னா எழுந்து போகணும். அந்த நாலு அடி நடக்கறதுக்குள்ள பாதி நேரம் "எதுக்கு"ன்னு தோணிடும்.

திண்டுக்கல் செல் சர்வீஸ்:

அதோடு "டூ நாட் டிஸ்டர்ப்" போட்டு, அதில் விதிவிலக்காக ஸ்டார் போட்ட தொடர்புகளின் அழைப்பை மட்டும் அனுமதியுங்கள் அக்கா. பையன், டியூஷன் டீச்சர், மாமியார், வீட்டுக்காரர் எண்களுக்கு ஸ்டார் போட்டால் போதும், அவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை வந்தால் விடச் சொல்லும் வசதியும் அதிலேயே இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தெரியாத எண் கூப்பிட்டாலும் இரண்டாம் முறை கேட்டுவிடும். செட் செய்த பிறகு பையனை விட்டு ஒருமுறை கூப்பிடச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.