எம்.சி.எச். 23, எச்.பி.ஏ.1.சி. 6.1: குழந்தைக்கு முயற்சி செய்யும் முன் என்னென்ன பார்க்கணும்?

செந்தூல்மலர்:
வணக்கம். எனக்கு வயது 31, வீட்டுக்காரருக்கு 34. இன்னும் நாலைந்து மாதத்தில் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறோம். இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8, எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) 23, எச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) 6.1. அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறை. பார்மசியில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் போதுமா? ஃபோலிக் ஆசிட் எப்போது தொடங்கணும், எவ்வளவு?

கிளினிக்மிஸ்ஸி:
மலர், மாத்திரை வாங்குவதற்கு முன்னால் அந்த 23-ஐக் கவனிங்க. எம்.சி.எச். 27-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, இல்லையென்றால் தலசீமியா கேரியர், அதாவது அந்தப் பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் செய்யும். ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு), ஹீமோகுளோபின் அனாலிசிஸ் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது) இரண்டையும் கேட்டு எடுங்க. ஃபெரிட்டின் குறைவாக வந்தால், இரும்புச்சத்து ஏறிய பிறகு அனாலிசிஸைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்க. பீட்டா வகை தலசீமியா கேரியரைக் காட்டித் தருவது ஹீமோகுளோபின் ஏ2 அளவு; இரும்பு குறைந்திருக்கும்போது அதுவும் இறங்கி, கேரியரை மறைத்துவிடும். ஆல்பா வகை தலசீமியா அனாலிசிஸில் பிடிபடாமலே போகலாம், அதற்கு டி.என்.ஏ. சோதனைதான்.

மலேசியப் பள்ளிகளில் படிவம் 4 (16 வயது) மாணவர்களுக்குத் தலசீமியா சோதனை 2016-இல்தான் தொடங்கியது. உங்கள் இருவர் வயதுக்கும் அது கிடைத்திருக்காது, அதனால் வீட்டுக்காரர் ரத்தத்தையும் கையோடு எடுத்துவிடுங்க. இருவரும் பீட்டா கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு பிள்ளைக்கு தலசீமியா மேஜர் (அந்த நோயின் கடுமையான வகை) வர. மூத்த பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாலும் அடுத்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு மாறாது.

6.1 என்பது இனிப்புநீருக்கு முந்தின நிலை. ஆனால் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு ஏ.1.சி. பொய்யாக ஏறிக் காட்டும். இரவு சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையை நம்புங்க. சர்க்கரை கட்டுக்குள் வராமல் கரு உண்டானால் அடிபடுவது பிள்ளையின் இதயமும் முதுகுத்தண்டும். முதல் எட்டு வாரத்திலேயே அவை உருவாகிவிடும்.

ஃபோலிக் ஆசிட்டை மட்டும் தள்ளிப்போடாதீங்க. பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாய் சரியாக மூட அது வேண்டும்; அந்தக் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரியும்போதே அதில் பாதி போய்விட்டது. மூன்று மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12-ஆவது வாரம் வரை தினமும் எடுக்கணும். சாதாரணமாக 400 மைக்ரோகிராம் போதும். இனிப்புநீரோ தலசீமியாவோ உறுதியானால் 5 மில்லிகிராம், டாக்டர் சொல்லி. அதாவது 5000 மைக்ரோகிராம், பன்னிரண்டு மடங்குக்கும் மேல். டப்பாவில் மைக்ரோவா மில்லியா என்று பார்த்தே வாங்குங்க, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) மைகாட்டோடு (அடையாள அட்டை) போய், பதிவு கவுண்டரில் "பிரா கெஹாமிலான்" (கர்ப்பத்துக்கு முந்தின சோதனை) என்று சொல்லுங்க. ஏற்கனவே எடுத்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்க.

பார்மசிதம்பி:
மிஸ்ஸி சொன்னதோடு வீட்டுக்காரர் பக்கத்தையும் சேர்த்துக்குங்க அக்கா. ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும். இன்றைக்குச் சிகரெட், வேப் (மின்சிகரெட்) நிறுத்தினால் அதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், அதனால் அவரும் இப்போதே தொடங்கணும். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர் என்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்க. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கலாம்.

"ஆண்மைக்கு" என்று விற்கும் காபி பொடியையும் லேபிள் இல்லாத லேகியத்தையும் இருவருமே தொடாதீங்க. காபியில் மாத்திரை மருந்து கலந்திருக்கலாம், லேகியத்தில் ஈயம், பாதரசம் இருக்கலாம். மருந்து என்றால் டப்பாவில் "எம்.ஏ.எல்." (MAL) என்று தொடங்கும் மலேசியப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும்.

35 நாள் சுற்றுக்கு 14-ஆவது நாளைக் கணக்கு வைத்தால் தவறிப்போகும். முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு, உங்களுக்கு 21-ஆவது நாள் வாக்கில். முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுசு, விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். 16-இலிருந்து 21 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலே போதும்.

செந்தூல்மலர்:
நன்றி மிஸ்ஸி, நன்றி தம்பி. இரும்பு மாத்திரை கொடுத்தால் காலை தே தாரிக்கோடு (பால் தேநீர்) சாப்பிடலாமா? பள்ளியில் போட்ட ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி இன்னும் காக்குமா?

கிளினிக்மிஸ்ஸி:
தேயோடு வேண்டாம்மா. தேயிலையும் பாலும் இரும்பைச் சேரவிடாது. வெறும் வயிற்றில் கொய்யாவோ எலுமிச்சை ஜூஸோ சேர்த்து மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்து தே. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீங்க. வயிற்றைப் புரட்டினால் நீங்களாக நிறுத்தாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்க.

ரூபெல்லாவை ஊகிக்க வேண்டாம், ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. (நோய் எதிர்ப்புப் புரதம்) பார்த்தால் தெரிந்துவிடும். எதிர்ப்பு இல்லையென்றால் ரூபெல்லாவும் சேர்ந்த எம்.எம்.ஆர். தடுப்பூசி போடணும். அது உயிருள்ள கிருமியால் செய்த ஊசி, போட்ட பிறகு ஒரு மாதம் கரு தங்கக் கூடாது. கர்ப்பம் ஆகிவிட்டால் பிரசவம் முடியும் வரை போடவும் முடியாது. அதனால் இந்தச் சோதனையை முதல் நாளே எடுங்க, ஊசி போட்டால் தேதியைக் கார்டில் எழுதி வாங்கிக்குங்க.