டிஏசி கிட்: என் மேசையில் பாடுகிறது, மற்றவர்கள் கையில் படுத்துகிறது. உதவி வேண்டும்

ஈயப்புகை:

வணக்கம் நண்பர்களே. சில மாதங்களாக ஒரு டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) கிட் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஐ2எஸ் (சிப்புகளுக்கு இடையே டிஜிட்டல் ஒலியை அனுப்பும் முறை) வழியாக டிஜிட்டல் சிக்னலை வாங்கி ஸ்டீரியோ லைன் அவுட்டாகக் கொடுக்கும் சின்ன போர்டு, சிப் பிசிஎம்5102ஏ. சால்டரிங் இப்போதுதான் பழகுகிறவர்கூட ஒரே மாலையில் முடித்துப் பாட்டுக் கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. இந்தச் சிப்பை எடுத்ததே அதற்காகத்தான். ஒரே 3.3 வோல்ட் போதும், மைனஸ் சப்ளையை உள்ளே இருக்கும் சார்ஜ் பம்ப்பே உண்டாக்கிக்கொள்ளும், அவுட்புட் 2.1 வோல்ட் ஆர்எம்எஸ், அதுவும் கிரவுண்டை மையமாக வைத்தே வருவதால் டிசியைத் தடுக்கப் பெரிய கெபாசிட்டர் வேண்டாம்.

என்னிடம் இருக்கும் போர்டு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியோடு மூன்று வாரமாகக் குறையில்லாமல் பாடுகிறது. சோதித்துப் பார்க்க நான்கு பேருக்குக் கிட் கொடுத்தேன். ஒருவருக்கு எல்லாம் சரி. மற்ற மூவருக்கு மூன்று விதமான தொல்லை.

முதலாமவரும் ராஸ்பெரி பைதான் வைத்திருக்கிறார். சில நேரம் பாட்டு வருகிறது, சில நேரம் வெறும் சீறல், சில நேரம் மௌனம். அவர் அனுப்பிய வீடியோவில் பார்த்தேன்: விரல் போர்டைத் தொடக்கூட இல்லை, சிப்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வரும்போதே சீறல் நின்று பாட்டு வந்துவிட்டது. விரலை எடுத்ததும் மறுபடி சீறல்.

இரண்டாமவர் ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் வைத்து ஓட்டுகிறார். மெல்லிய பகுதிகள் அவ்வளவு தெளிவு, ஆனால் டிரம்ஸ் ஓங்கி விழும் இடமெல்லாம் துணி கிழிவது போலக் கிழிகிறது. சப்ளை தாங்கவில்லை என்று நினைத்து 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சேர்க்கச் சொன்னேன், துளி மாற்றம் இல்லை.

மூன்றாமவர் லேப்டாப், யுஎஸ்பி-ஐ2எஸ் மாட்யூல், அப்புறம் பெரிய ஆம்ப்ளிஃபயர். மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் ‘கீ...’ என்று ஒரு மெல்லிய ஒலி கூடவே வருகிறது.

அடுத்த தொகுதி போர்டு ஆர்டர் செய்வதற்கு முன் இதையெல்லாம் தீர்த்தாக வேண்டும். என்னை நம்பி வாங்குகிறவர் கையில் இப்படி ஒன்றைக் கொடுக்க மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

சுருள்கம்பி:

தம்பி, மூன்றும் மூன்று தனி நோய். ஒரே மருந்தைத் தேடிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

விரலுக்குப் பயப்படும் போர்டை முதலில் பாருங்கள். விரல் பக்கத்தில் வந்ததும் நடத்தை மாறுகிறது என்றால், எங்கோ ஒரு இன்புட் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். இந்தச் சிப்பில் என் முதல் சந்தேகம் எப்போதும் 12ஆவது பின் மேல்தான், அதாவது எஸ்சிகே, மாஸ்டர் கிளாக் உள்ளே வரும் பின். ராஸ்பெரி பை மூன்று கம்பிதான் கொடுக்கும்: பிட் கிளாக் (ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு துடிப்பு), எல்ஆர் கிளாக் (இடமா வலமா என்று காட்டுவது), டேட்டா. சிப்பின் வேலைக்குத் தாளம் கொடுக்கும் மாஸ்டர் கிளாக் கிடையாது. அப்படி இருக்கும்போது எஸ்சிகே பின்னைக் கிரவுண்டில் கட்டி வைத்தால், 16 எல்ஆர் கிளாக் சுற்று வரை அது தாழ்வாகவே (0 வோல்ட்டில்) இருப்பதைப் பார்த்து, சிப் தன் உள் பிஎல்எல்லை இயக்கி பிட் கிளாக்கிலிருந்தே தனக்கு வேண்டிய கிளாக்கைத் தயாரித்துக்கொள்ளும். கட்டாமல் விட்டால் அந்தப் பின் பக்கத்தில் ஓடும் சத்தத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு, கிளாக் இருக்கிறதா இல்லையா என்று சிப்பைக் குழப்பும். உங்கள் சர்க்யூட்டில் அது எங்கே போகிறது?

கையோடு 17ஆவது பின், எக்ஸ்எஸ்எம்டி, அதையும் அளந்து சொல்லுங்கள். அது தாழ்ந்தால் சிப் வாயை மூடிக்கொள்ளும்.

44புள்ளி1:

ஈஎஸ்பி32 போர்டுக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே கிழிசலோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். சப்ளையைத் தொடாதீர்கள், அது குற்றவாளி இல்லை. ஃபார்மேட் பொருந்தவில்லை.

1986இல் பிலிப்ஸ் வெளியிட்ட ஐ2எஸ் முறையில், எல்ஆர் கிளாக் மாறிய பிறகு ஒரு பிட் கிளாக் கழித்துத்தான் சாம்பிளின் முதல் பிட் வரும். லெஃப்ட் ஜஸ்டிஃபைடு முறையில் மாறிய உடனே வந்துவிடும். அனுப்புகிறவர் லெஃப்ட் ஜஸ்டிஃபைடு, வாங்குகிறவர் ஐ2எஸ் என்றால் என்ன ஆகும்? முதல் பிட், அதாவது ப்ளஸ்ஸா மைனஸா என்று சொல்லும் பிட், வழியிலேயே தொலைந்துவிடும். ஒலி முழு அளவில் பாதிக்குக் கீழே இருக்கும் வரை முதல் இரண்டு பிட்டும் 00 அல்லது 11 என்று ஒன்றாகவே இருப்பதால், முதலாவது தொலைந்தாலும் இரண்டாவது அதன் வேலையைப் பார்த்துவிடும், சத்தம் மட்டும் இரண்டு மடங்காகும். பாதியைத் தாண்டியதும் இரண்டு பிட்டும் வேறுபடும், அந்த இடத்தில் உச்சி அப்படியே கவிழ்ந்து அடிமட்டத்தில் போய் விழும். அதுதான் உங்கள் நண்பர் கேட்கும் கிழிசல்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒலியை முழு அளவிலிருந்து மைனஸ் 7 டெசிபலில் (பாதிக்குச் சற்றுக் கீழே) ஒரு முறை, மைனஸ் 5இல் (பாதிக்குச் சற்று மேலே) ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். முன்னது சுத்தமாக இருந்து பின்னது கிழிந்தால் நான் சொன்னதேதான். ஈஎஸ்பி32 நிரலில் பிலிப்ஸ் என்று ஒரு தேர்வும் எம்எஸ்பி (லெஃப்ட் ஜஸ்டிஃபைடு) என்று ஒன்றும் இருக்கும், அவர் எம்எஸ்பி வைத்திருப்பார். சிப் பக்கம் 16ஆவது பின், எஃப்எம்டி, தாழ்வாக இருந்தால் ஐ2எஸ், உயர்வாக இருந்தால் லெஃப்ட் ஜஸ்டிஃபைடு. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சிப் லெஃப்ட் ஜஸ்டிஃபைடில் இருக்க ஐ2எஸ் அனுப்பினால், மெல்லிய ஒலியிலேயே காது கூசும் அளவுக்கு இரைச்சல் வரும். ஆகவே எந்த அளவில் கிழிகிறது என்று கேட்டாலே யார் பக்கம் தவறு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஈயப்புகை:

இருவருக்கும் நன்றி. இன்று முழுக்க அளந்து பார்த்தேன்.

சுருள்கம்பி அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. எஸ்சிகே கிரவுண்டுக்குப் போக ஒரு சால்டர் ஜம்பர் வைத்திருந்தேன், போர்டு வரும்போது திறந்தே இருக்கும். என் போர்டைத் திருப்பிப் பார்த்தால் அங்கே ஒரு சின்ன ஈயக் குமிழ் உட்கார்ந்திருக்கிறது. முதல் வாரத்தில் நானே வைத்தது, செய்முறைத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தொல்லையே இல்லாத நண்பருக்கும் விடை கிடைத்துவிட்டது: அவருடைய யுஎஸ்பி மாட்யூல் மாஸ்டர் கிளாக்கும் சேர்த்து அனுப்புகிறது, ஆகவே அவருக்கு அந்தப் பின் வெறுமனே நிற்கவே இல்லை. முதலாமவர் இப்போது ஜம்பரை மூடிவிட்டார், விரலைத் தேய்த்தாலும் பாட்டு அசையவில்லை. எக்ஸ்எஸ்எம்டி 3.3 வோல்ட், அங்கே குறை இல்லை.

44புள்ளி1, மைனஸ் 7 சுத்தம், மைனஸ் 5 கிழிசல்! நிரலில் எம்எஸ்பி என்றுதான் இருந்தது. மாற்றியதும் தீர்ந்தது.

மிச்சம் மவுஸ் ஒலி. சிக்கல் போர்டிலா, வெளியிலா? போர்டில் கிரவுண்டை அனலாக், டிஜிட்டல் என்று இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சேர்த்திருக்கிறேன். அதன் படத்தையும் இணைத்துள்ளேன்.

தரைத்தளம்:

படம் பார்த்தேன். இரண்டு வேலை இருக்கிறது, ஒன்று வெளியே, ஒன்று உள்ளே.

வெளியே: லேப்டாப்பை அடாப்டரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டச் சொல்லுங்கள். ‘கீ’ ஒலி நின்றால் அது கிரவுண்டு லூப். அடாப்டர் வழியாகவும் ஆம்ப்ளிஃபயர் வழியாகவும் ஒரு வளையம் உண்டாகி, லேப்டாப்பின் சத்தக் கரண்ட் உங்கள் ஆடியோ கேபிளின் வெளிக்கம்பி வழியாகத் திரும்பிப் போகிறது. அந்தக் கம்பியில் விழும் சில மில்லிவோல்ட்டை ஆம்ப்ளிஃபயர் பாட்டு என்றே எடுத்துக்கொள்ளும். இதற்காக யாராவது பிளக்கில் எர்த் கம்பியை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள், உயிர் போகும் விஷயம். வளையத்தை அறுக்க வேண்டிய இடம் டிஜிட்டல் பக்கம். யுஎஸ்பியில் ஏடியூஎம்4160 போன்ற ஐசொலேட்டர் (மின் இணைப்பில்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் சிப்) வைக்கலாம், ஆனால் அது 12 மெகாபிட் வேகம் வரைதான், அதிவேக யுஎஸ்பி மட்டுமே பேசும் மாட்யூலுக்கு ஆகாது. கிட் என்று பார்த்தால் ஐ2எஸ் கம்பிகளில் டிஜிட்டல் ஐசொலேட்டர் வைத்து டிஏசிக்குத் தனி சப்ளை கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. சப்ளையைத் தனியாக்காமல் ஐசொலேட்டர் மட்டும் வைத்தால் வைத்ததற்குப் பலனே இல்லை.

உள்ளே: அந்தக் கிரவுண்டுப் பிளவை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. உங்கள் பிட் கிளாக் டிராக் பிளவுக்கு மேலே பாலம் கட்டியது போலக் குறுக்கே போகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 64 மடங்கு என்றால் 2.8224 மெகாஹெர்ட்ஸ், கேட்கச் சின்ன எண்தான், ஆனால் அதன் விளிம்புகள் சில நானோ விநாடியில் ஏறி இறங்குபவை. போகும் கரண்ட் டிராக்குக்கு நேர் கீழேயே திரும்பி வரப் பார்க்கும். கீழே பள்ளம் இருந்தால் ஊரைச் சுற்றித்தான் வரும், அந்தச் சுற்று முழுவதும் ஆன்டெனா. ஒரே முழு கிரவுண்டாகப் போட்டு, டிஜிட்டல் பாகங்களை ஒரு பக்கமும் அனலாக்கை மறு பக்கமும் வைத்தாலே போதும்.

33 ஓம் ரெசிஸ்டர்களைப் போர்டின் இன்புட்டில் வைத்திருக்கிறீர்கள். அவை அனுப்பும் முனையில் இருந்தால்தான் கம்பியில் சிக்னல் மோதித் திரும்பும் எதிரொலியை அடக்கும். கிட்டோடு ஒரு குட்டைக் கேபிள் கொடுத்து, அதன் அந்த முனையிலேயே வைத்துவிடலாம். பிட் கிளாக் கம்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிரவுண்டுக் கம்பியும் ஓடட்டும்.

சுருள்கம்பி:

தரைத்தளம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிட்டில் எதையும் ஜம்பரை நம்பி விடாதீர்கள். எஸ்சிகே, எஃப்எம்டி இரண்டுக்கும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், எக்ஸ்எஸ்எம்டிக்கு 3.3க்கு 10 கிலோ ஓம் போர்டிலேயே இருக்கட்டும். மாஸ்டர் கிளாக் வந்தால் அது 10 கிலோவை மீறி ஓடிக்கொள்ளும், வராவிட்டால் பின் தாழ்வாகவே இருக்கும், யாரும் எதையும் மூட வேண்டாம். 0.65 மில்லிமீட்டர் இடைவெளியில் 20 கால், புதியவர் கைக்கு அது கொடுமை, ஆகவே சிப்பை நீங்களே ஒட்டிக் கொடுங்கள். அப்புறம் அளக்க மூன்று புள்ளி: 3.3, எல்டிஓஓ (சிப்பின் உள் சப்ளை) பின்னில் 1.8, விநெக் (சார்ஜ் பம்ப் உண்டாக்கும் மைனஸ் சப்ளை) பின்னில் ஏறக்குறைய மைனஸ் 3.3. மல்டிமீட்டரில் இந்த மூன்றும் வந்தால் சிப்புக்குச் சாப்பாடு சரியாகப் போகிறது என்று புதியவரே தெரிந்துகொள்வார், ஆம்ப்ளிஃபயரை அதற்குப் பிறகு சேர்க்கட்டும்.

ஈயப்புகை:

பேட்டரியில் ஓட்டியதும் ‘கீ’ நின்றுவிட்டது, கிரவுண்டு லூப்தான். புது வரைபடத்தில் பிளவு இல்லை, 10 கிலோக்கள் வந்துவிட்டன, ஐசொலேட்டருக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இன்று நான்காமவரிடமிருந்து ஒரு செய்தி. தொல்லை இல்லை என்றவர் இப்போது, இடது பக்கம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் இருக்கிறது என்கிறார். அவுட்புட் ஃபில்டரில் 470 ஓமும் 2.2 நானோஃபாரட் சி0ஜி வகைச் செராமிக் கெபாசிட்டரும் இருக்கின்றன. சால்டரை இரண்டு முறை பார்த்துவிட்டாராம்.

44புள்ளி1:

சார்ஜ் பம்ப்புக்கு என்ன கெபாசிட்டர் கொடுத்தீர்கள்? 2.2 மைக்ரோஃபாரட் தானே? செராமிக் சிப் கெபாசிட்டர் மேல் எண் எதுவும் இருக்காது, அவர் இரண்டையும் மாற்றி ஒட்டியிருப்பார். 470 ஓமோடு 2.2 நானோ என்றால் ஃபில்டர் 154 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும், காதுக்கு எட்டாது. 2.2 மைக்ரோ என்றால் 154 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும், பிறகு எங்கே ட்ரெபிள் வரும்! சார்ஜ் பம்ப் பக்கமும் ஒரு 2.2 நானோ போயிருக்கும், விநெக்கை அளக்கச் சொல்லுங்கள்.

ஈயப்புகை:

விநெக்கில் மைனஸ் 3.3க்குப் பக்கத்தில்கூட வரவில்லையாம். கழற்றி இடம் மாற்றி ஒட்டினார், இரண்டு பக்கமும் ஒன்றாகப் பாடுகிறது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பியது நான்தான். இனி 2.2 மைக்ரோக்களைச் சிப்போடு சேர்த்து நானே ஒட்டிவிடுகிறேன், உறையில் 2.2 என்று ஒரு வகைதான் இருக்கும். மைனஸ் 7, மைனஸ் 5 ஒலிக் கோப்புகளும் செய்முறைத் தாளோடு போகும்.