கடையில் வாங்கிய பையை வீட்டு ஓவனில் சுடுவது: புதிதாகக் குடியேறியவர்களுக்குச் சில குறிப்புகள்

வெளிநாட்டில் வீடு எடுத்த முதல் மாதங்களில், சமையலறையில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் ஓவனை என்ன செய்வதென்று தெரியாமல் அதற்குள் வாணலிகளை அடுக்கி வைப்பவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த ஓவனைப் பழகிக்கொள்வதற்குக் கடையில் உறைந்த நிலையில் கிடைக்கும் பை நல்ல தொடக்கம். (தமிழில் எழுதினால் இந்தச் சொல் துணிப்பையையே முதலில் நினைவூட்டும். மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டத்தை மட்டுமே இங்கே குறிப்பிடுகிறேன்.) மாவு பிசைந்து, பூரணம் செய்து, மடித்து மூடும் வேலை எல்லாம் முடிந்தே வருகிறது என்பதால் இதில் தவறு நேர வழியில்லை என்று தோன்றும். நேரும்.

நான் சுட்ட முதல் பை மேலே கரியாகவும் உள்ளே பனிக்கட்டியாகவும் இருந்தது. காரணம் மிக எளியது: ஓவனின் திருகில் இருந்த படங்களுக்குப் பொருள் தெரியாமல், மேலிருந்து மட்டும் அனல் வீசும் கிரில் நிலையில் வைத்துவிட்டேன். வளைந்து நெளிந்த கோடு மேல்புறம் மட்டும் இருந்தால் அது கிரில். மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இருந்தால் இருபுறமும் சூடு வரும் வழக்கமான நிலை. பைக்கு உகந்தது அதுவே. விசிறிப் படம் சூடான காற்றைச் சுழற்றும் நிலையைக் குறிக்கும். அதில் பண்டம் விரைவாக வேகும் என்பதால், பெட்டியில் விசிறி ஓவனுக்கென்று தனி அளவு தரப்படாதபோது வெப்பத்தை 20 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ளுங்கள். அளவு எந்த முறையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்: 200 டிகிரி செல்சியஸ் என்பது ஏறத்தாழ 400 டிகிரி ஃபாரன்ஹீட், எண்கள் மட்டும் பொறித்த பழைய எரிவாயு ஓவன்களில் அது 6ஆம் எண்.

அடுத்ததாக, பெட்டியை முழுமையாகப் படியுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பைகளில் ஒன்று முழுவதும் பச்சை மாவாகவும், மற்றொன்று ஏற்கெனவே வெந்து சூடாக்கினால் போதும் என்ற நிலையிலும் இருக்கலாம். க்ரீம் வைத்த பைகளுக்கு ஓவனே வேண்டாம். அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மெதுவாக உறைநீக்கி அப்படியே உண்ண வேண்டும். இறைச்சிப் பைகளில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவது உடல்நலத்துக்கே கேடு. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் உறைந்த இறைச்சிப் பைகளின் வழியாகச் சால்மொனெல்லா கிருமி பரவி ஏறத்தாழ 400 பேர் நோயுற்றனர். மைக்ரோவேவில் அவற்றைச் சமைத்தவர்கள் பலருக்குத் தங்கள் மைக்ரோவேவின் வாட் திறன் தெரிந்திருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. மைக்ரோவேவ் ஓரத்தைக் கொதிக்க வைத்துவிட்டு நடுப்பகுதியைக் குளிராகவே விட்டுவிடக்கூடும். அதோடு மாவையும் நமத்துப்போகச் செய்துவிடும். எனவே ஓவன் இருக்கும் வீட்டில் பச்சைப் பையை மைக்ரோவேவில் வைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

இனிச் சுடும் முறை. உறைந்த பழப் பையை, பெட்டியில் வேறு விதமாகச் சொல்லாத வரை, உறைந்த நிலையிலேயே ஓவனில் வைக்க வேண்டும். வெளியே எடுத்து வைத்து இளக விட்டால், பழத்திலிருந்து கசியும் நீரை அடி மாவு முதலில் குடித்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் சுட்டாலும் அது மொறுமொறுப்பாகாது. அடி மாவு வேகாமல் போவதே கடைப் பையில் நாம் காணும் முதன்மைக் குறை என்பதால், ஓவனைச் சூடாக்கும்போதே ஒரு கனமான உலோகத் தட்டையும் உள்ளே கீழ் அடுக்கில் வைத்துவிடுங்கள். நன்கு காய்ந்த அந்தத் தட்டின் மீது பையை அதன் அலுமினியத் தட்டோடு வைத்தால், கல்லில் இட்டதுபோல் அடியில் உடனே சூடு ஏறும். பூரணம் பொங்கி வழிந்தாலும் தட்டிலேயே தங்கிவிடும். ஓவனின் தரையில் சிந்திய சர்க்கரைப் பாகு கருகிப் புகைந்து, வீட்டின் புகை எச்சரிக்கை மணியை அலற வைக்கும் சங்கடமும் நேராது. மெல்லிய அலுமினியத் தட்டு கை வைத்ததும் வளையும் என்பதால், வெளியே எடுக்கும்போதும் கனமான தட்டோடு சேர்த்தே எடுங்கள்.

மேல் மாவில் துளைகள் இல்லையென்றால் கத்தி முனையால் நான்கைந்து கீறல்கள் இடுங்கள். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் அது தானாக ஓரத்தைப் பிளந்துகொண்டு வரும். பாதி நேரத்துக்குப் பிறகு விளிம்பு மட்டும் அதிகமாகச் சிவந்தால், அலுமினியத் தாளைப் பட்டையாகக் கிழித்து விளிம்பைச் சுற்றி மூடிவிட்டு நடுப்பகுதியை வேக விடுங்கள்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மேலே பொன்னிறம் வந்து வெகுநேரம் ஆன பின்பும் உள்ளே குளிர் இருக்கக்கூடும். பழப் பையில், கீறல்களின் வழியே நடுப்பகுதியிலும் பூரணம் குமிழியிட்டுக் கொதிப்பதைக் காண வேண்டும். பழச்சாற்றைக் கெட்டியாக்கச் சேர்த்திருக்கும் சோளமாவு போன்ற மாவுப்பொருள், கொதிநிலையை நெருங்கினால்தான் முழுமையாக இறுகும். அந்தச் சூடு எட்டாத பை, ஆறிய பிறகும் குழம்பாகவே ஓடும். பெரிய உறைந்த பழப் பைக்கு இதற்குப் பொதுவாக ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். முட்டையும் பாலும் கலந்த பூசணிப் பை போன்றவற்றில் ஓரம் இறுகி, தட்டை அசைத்தால் நடுவில் மட்டும் இலேசாக அதிர வேண்டும். இறைச்சிப் பைக்குக் கண் போதாது. ஓர் உணவு வெப்பமானியை நடுவில் குத்தி 74 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு கருவியை வாங்கத் தயங்காதீர்கள்.

பழப் பையை எடுத்தவுடன் வெட்டக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஆற விட வேண்டும். இறைச்சிப் பைக்குப் பத்து நிமிடம் போதும்.

சைவ உணவினர் பூரணத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட வேண்டாம். பழப் பையின் மாவிலேயே ‘லார்ட்’ எனப்படும் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும்; ‘சூயெட்’ என்பது மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பு. மின்ஸ்மீட் என்ற பெயரைக் கண்டு அஞ்சி ஒதுங்குபவர்கள் உண்டு. முற்காலத்தில் அதில் இறைச்சி சேர்த்தார்கள் என்றாலும், இன்று அது பெரும்பாலும் உலர்பழக் கலவைதான். ஆனால் அதிலும் சூயெட் சேர்ப்பது வழக்கம். தாவரக் கொழுப்பில் செய்தவையும் விற்கப்படுகின்றன. பொருட்பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும்.

கண்ணாடித் தட்டுக்கு மாற்றிச் சுடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். உறைந்த பை இருக்கும் குளிர்ந்த கண்ணாடித் தட்டைச் சூடான ஓவனில் வைத்தால், திடீர் வெப்பமாற்றத்தில் அது உடைந்து சிதறக்கூடும். வந்த தட்டிலேயே சுடுங்கள். மீந்த இறைச்சிப் பையையும் முட்டை சேர்ந்த பையையும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். பழப் பைத் துண்டை மறுநாள் 180 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் ஓவனில் வைத்தால் மாவு மீண்டும் மொறுமொறுப்பாகும்.