எந்தப் பக்க வரம்பை வெட்டுறது?

தையல்கடைக்காரி, வளசரவாக்கம்:
அக்காவுக்கு ஊர் இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சி. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் வீட்டுக்காரரைத் தொலைத்தவர். தொலைத்தேன் என்றுதான் சொல்வார், இறந்துவிட்டார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் கடையில் ஓரம் அடித்துத் தருவார். ஊரில் அவர் வயலைக் குத்தகைக்குச் செய்பவர் ஞாயிறுதோறும் போன் பண்ணுவார். அவரும் ஷெல்லடியில் மனைவியை இழந்தவர்.

அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி திறந்தாச்சு. உங்கட வயலுக்கு எந்தப் பக்க வரம்பை வெட்டுறது?" அக்கா மடியில் கிடந்த ஜாக்கெட் துணியில் விரலால் கோடு இழுத்தார். "கிழக்கால வெட்டுங்கோ. மூலையில நண்டு வளை இருக்கு, மண் வைச்சு அடையுங்கோ."

இத்தனை வருஷம் விதைத்தவருக்கு இது தெரியாதா என்றேன். "தெரியும் பிள்ளை. தெரிஞ்சுதான் கேக்கிறார்."

நான் அதோடு விட்டிருக்கலாம். "அப்போ கல்யாணம் பண்ணிக்கலாமே அக்கா" என்று சொல்லிவிட்டேன். "அதுக்கு இவர் செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வைக்கோணும்" என்றார். அப்புறம் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை.

அண்ணா நகர் வாசகி:
நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. என் சித்தப்பா 1999-இல் கார்கிலில் போனார். சித்தி மறுமணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார். அக்காவிடம் சொல்லுங்கள்: இலங்கையில் 2016-இல் சட்டம் திருத்தி, காணாமல் போனவர்களுக்குத் தனிச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். இறந்துவிட்டார் என்று அதில் எழுத வேண்டாம். மறுமணத்துக்கு அது போதுமா என்று அங்கேயுள்ள வக்கீலிடம் கேட்கணும். வயல் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், குத்தகையையும் எழுத்தில் போடட்டும். பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசணும். தள்ளிப்போட வேண்டாம், வயசு காத்திருக்காது.

கிளிநொச்சி மகன், இப்போது போரூர்:
அண்ணா நகர் அக்கா, உங்கள் சித்திக்கு உடல் வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை.

காணாமல் போனவர்களைத் தேடி உறவினர்கள் 2017 பெப்ரவரி 20-இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் என் அம்மாவும் அப்பாவின் படத்தோடு இருந்தவர். பக்கத்துத் தோட்டத்து ஐயா மிளகாய்க்குத் தண்ணி மாறிவிட்டுப் பின்னேரம் வந்து பார்ப்பார். ஒருநாள் அம்மாவுக்குத் தலைச்சுற்று, கொட்டிலுக்குப் பின்னால் படுத்துவிட்டார். நான் போனபோது அவர் இடத்தில் ஐயா இருந்தார், அப்பாவின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி. காலில் தோட்டத்துச் சேறு காயவில்லை.

இப்போது இருவரும் ஒரே வீட்டில்தான். கையெழுத்து எதுவும் வைக்கவில்லை. அப்பாவின் படம் சுவரில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அதைத் துடைப்பது ஐயாதான்.