மேப், சேட்டிலைட் படம் படிக்கிற ஜீடால் மாதிரி பேக்கேஜ்லாம் பைத்தானோட வழக்கமான இன்ஸ்டாலர் பிப்லயே வரணுமா, இன்னொரு பேக்கேஜ் மேனேஜரான கோண்டா போதாதா?

வெள்ளிமீன்: எங்க லேப்ல சேட்டிலைட் படம் பிராசஸ் பண்ண வந்த புள்ளைங்களுக்கு முதல் ரெண்டு நாள் ஜீடால் போடுறதுலயே போச்சு. பிப்ல போட்டா ஜீடால்-கான்ஃபிக் (ஜீடால் எங்க இருக்குன்னு சொல்ற கமாண்ட்) இல்லன்னு நிக்குது, சரின்னு சிஸ்டம் லைப்ரரிய போட்டா அந்த வெர்ஷனும் பைத்தான் பேக்கேஜ் வெர்ஷனும் ஒத்துப்போகலன்னு கம்பைல் உடையுது. இதே ஜீடால உள்ளயே வச்சு, படம் படிக்கிற ராஸ்டெரியோ பேக்கேஜுக்கு வீல் (முன்னாடியே கம்பைல் பண்ணி வச்ச ரெடிமேட் ஃபைல்) கொடுக்குறாங்க, ஒரே வரில முடிஞ்சுது. எல்லா சி++, ஃபோர்ட்ரான் பேக்கேஜும் இப்படி வரணும்.

கோடையிடி: ஒத்துக்க மாட்டேன் ப்ரோ. ராஸ்டெரியோக்குள்ள ஒரு ஜீடால், மேப் டேட்டா படிக்கிற ஃபியோனாக்குள்ள இன்னொரு ஜீடால், இதுல ராஸ்டெரியோ வீல்ல எல்லா ஃபார்மட் டிரைவரும் கிடையாது, வேணும்னா திரும்ப நாமதான் கம்பைல் பண்ணணும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட பேசுற சைகோபிஜி2 கதை தெரியும்ல? வீலுக்குள்ள வச்ச எஸ்எஸ்எல் (என்கிரிப்ஷன்) லைப்ரரியும் பைத்தானோடதும் மோதி புரோகிராம் கிராஷ் ஆச்சு, அதனாலதான் அந்த வீல சைகோபிஜி2-பைனரின்னு தனிப் பேருல பிரிச்சாங்க. கோண்டா பேக்கேஜ்கள கம்யூனிட்டி சேர்த்து வைக்கிற கோண்டா-ஃபோர்ஜ்ல ஒரே ஜீடால எல்லாரும் சேர்ந்து யூஸ் பண்றோம்.

வெள்ளிமீன்: மோதலுக்குத்தான ஆடிட்வீல்னு ஒரு டூல் இருக்கு, உள்ள வைக்கிற லைப்ரரி பேருலயே ஹேஷ் (தனி அடையாளக் குறி) ஒட்டி மாத்திடுதே. 2016ல மெனிலினக்ஸ் (பல லினக்ஸ்லயும் ஓடுற வீலுக்கான ஸ்டாண்டர்டு) வர்றதுக்கு முன்னாடி லினக்ஸ் வீல, பிப் பேக்கேஜ் எடுக்குற தளமான பைபிஐல ஏத்தவே விடல, கணக்கு போடுற நம்பை பேக்கேஜ் போடணும்னாகூட கம்பைலர் வேணும், அந்தக் கஷ்டத்த நான் பட்டிருக்கேன். புதுசா வர்ற புள்ளைக்கு பிப் மட்டும்தான் தெரியும், அதுகிட்ட இன்னொரு பேக்கேஜ் மேனேஜர் கத்துக்கோன்னு எப்படிச் சொல்ல?

மூணாம்தெரு: பேர் மாத்தினா மோதல் குறையும், ஆனா ரெண்டு காப்பி ரெண்டு காப்பிதான். நம்பை வீல்ல ஒரு ஓப்பன்ப்ளாஸ் (மேட்ரிக்ஸ் கணக்கு போடுற லைப்ரரி), சைபை வீல்ல தனியா ஒண்ணு, ரெண்டும் தனித்தனியா த்ரெட் ஓட்டுது. கிளஸ்டர் பக்கம் போனா இன்னும் மோசம், பைபிஐல இருக்குற எச்5பை (எச்டிஎஃப்5 ஃபைல் படிக்கிற பேக்கேஜ்) வீல்ல எம்பிஐ (பல கம்ப்யூட்டர் சேர்ந்து வேலை செய்றதுக்கான முறை) கிடையாது, அங்க இருக்குற எம்பிஐக்கு ஏத்தபடி நாமளே கட்டணும், இதுல எந்த வீலும் உதவாது.

கோடையிடி: இன்னொண்ணும் இருக்கு. உள்ள வச்ச டிஃப் (TIFF) படம் படிக்கிற லைப்ரரில செக்யூரிட்டி ஓட்டை வந்தா யார் அடைக்கிறது? கோண்டால அந்த ஒரு பேக்கேஜ அப்டேட் பண்ணா போதும், வீல்னா அத உள்ள வச்ச ஒவ்வொருத்தரும் புது ரிலீஸ் போடணும், ரெண்டு பேர் சம்பளமில்லாம பாக்குற பிராஜக்ட்ல அது மாசக்கணக்கா நடக்காது.

வெள்ளிமீன்: ஓட்டை விஷயத்துல நீங்க சொல்றது சரி, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. கிளஸ்டருக்கு சோர்ஸ்ல இருந்தே கட்டட்டும். ஆனா லேப்டாப்ல முதல் படத்த திறந்து பாக்கணும்னு உக்காந்திருக்குற புள்ளைக்கு வீல்தான் வேணும், எங்க ஃபோர்ட்ரான் மாடலுக்கு, வீல் கட்டித் தர்ற சிஐபில்ட்வீல் டூல் போட்டு லினக்ஸ், மேக், விண்டோஸ் மூணுக்கும் நான் கொடுக்கத்தான் போறேன்.